வால்மயிருக்கு ஈடாய் ஒரு தலைமயிர்

மரபணு ஆராய்ச்சி எண்டால் குளிர் அறைக்குள்ள வெள்ளை உடுப்போட இருந்து கண்ணாடிக் குழாய் பாக்கிற வேலை எண்டு நினைக்கிறவை, ஒருக்கா என்னோட வந்து உதைக்கிற மாட்டுக்குப் பின்னால நிண்டு வால்மயிர் பிடுங்கிப் பாக்கவேணும்.

மாடு உதைக்கிறதைத் தாங்கலாம். மாட்டுக்காரர் பாக்கிற பார்வையைத்தான் தாங்கேலாது. வீடு வீடாய்ப் போற உத்தியோகம் பாக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். நுளம்புக்குப் புகை அடிக்க வாறவை, கரண்ட் மீற்றர் பாக்க வாறவை, வாக்காளர் பேர் பதிய வாறவை எல்லாரும் என்ர சொந்தக்காரர்தான். படலை வாசலில நிண்டு கூப்பிட்டவுடன வீட்டுக்குள்ள கதைச்சுக்கொண்டிருந்த சத்தம் டக்கெண்டு நிக்கும் பாருங்கோ, அது உங்களுக்கும் பழக்கம்தானே.

என்ர வேலை இதுதான். வன்னியில ஊர்மாடு எண்டு ஒரு இனம் இருக்கு. சின்ன உடம்பு, கொஞ்சப் பால், ஆனால் புல் காஞ்சு போன காலத்திலயும் கிடைச்சதைத் திண்டு உயிரோட நிக்கும். அது மற்ற இனங்களோட கலந்து இல்லாமல் போறதுக்கு முதல், எந்தப் பட்டியில எந்தப் பரம்பரை மிஞ்சியிருக்கு எண்டு பாக்கவேணும். அதுக்கு வாலில இருந்து நாலைஞ்சு மயிர் வேரோட வேணும். மாட்டைப் பிடிக்கிறதும் ஜீப் ஓடுறதும் தவம் அண்ணை. பிடுங்கிறதும் பேச்சு வாங்கிறதும் நான். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. எந்த முடிவையும் உடன நம்பாமல் இருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே தருகினம்.

மாடு இல்லாத வீடு

துணுக்காயில ஒரு வீடு. படலையடியில பச்சைச் சாணம் கிடக்குது. வேலிக்கதியாலில பால் வாளி கவிட்டுக் கிடக்குது. குசினிப் பக்கம் மோர் மணக்குது. வீட்டுக்காரர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்து, "மாடோ? எங்களிட்ட மாடு கீடு ஒண்டும் இல்லை" எண்டார். சொல்லி வாய் மூடேல்ல, வளவுக்குப் பின்னால பத்தைக்குள்ள இருந்து ஒரு மாடு நீட்டிக் கத்தினது. மனிசன் கண் வெட்டேல்லையே!

காரணம் பிறகுதான் தெரிய வந்தது. ஜீப்பில வாறவை மாட்டுத் தொகை எடுத்து நிவாரணத்தை வெட்டப் போயினம் எண்டு ஆரோ ஊர் முழுக்க ஃபோன் அடிச்சிருக்கினம். நாங்கள் போய்ச் சேர முதல் எங்களைப் பற்றின கதை போய்ச் சேந்திடும். நான் விடாமல் சாணத்தைக் காட்டினன். அவர் குனிஞ்சு, வாழ்க்கையில முதல்தரம் சாணம் காணுற ஆள் மாதிரிப் பாத்தார்.

"அது றோட்டால போன மாடு வந்து போட்டிட்டுப் போனது, பிள்ளை. எங்கட பக்கத்து மாடுகளுக்கு ஒரு மரியாதை தெரியாது."

சீப்பு

பரந்தன் சந்தியில ரயர் ஒட்டக் குடுத்திட்டுத் தேத்தண்ணிக் கடையில இருந்தம். தவம் அண்ணைக்கு வாய் சும்மா இருக்காது. "மிஸ் ஒரு மயிரைப் பாத்தே பரம்பரையைச் சொல்லிப்போடுவா" எண்டு அவிட்டு விட்டிட்டார். பக்கத்து மேசையில இருந்த பெரிய மனிசன் ஒருத்தர் பாதித் தேத்தண்ணியோட எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தால சைக்கிளில வந்து இறங்கி, பேப்பரில சுத்தின சாமான் ஒண்டை என்ர கையில வைச்சார். உள்ளுக்க ஒரு சீப்பு.

மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்காம். மாப்பிளைப் பகுதி வந்து போகேக்க மாப்பிளை தலை இழுத்த சீப்பாம் அது. பெடியன் தங்கமான பெடியன் எண்டுதான் ஊர் சொல்லுது, ஆனால் தகப்பன் குடிச்சே செத்தவராம், அந்தக் குணம் பெடியனுக்கும் இறங்கியிருக்கோ எண்டு பாத்துச் சொல்லட்டாம். நான் மாட்டுக்கு மட்டும்தான் பாக்கிறனான் எண்டன். மனிசரின்ர மயிரை அவையின்ர சம்மதம் இல்லாமல் தொடவும் கூடாது, குடிக்கிற குணம் மயிரில எழுதியிருக்கவும் மாட்டாது எண்டு பொறுமையாய்ச் சொன்னன். அந்தாள் என்னை மேலும் கீழும் பாத்தார். மாப்பிளைப் பகுதி என்னை முந்தியே கைக்குள்ள போட்டிட்டினம் எண்டு நினைச்சிருக்கவேணும்.

"மாட்டுக்குச் செய்யிறியள், மாப்பிளைக்குச் செய்யமாட்டியளோ? நான் மாட்டையே வீட்டுக்குள்ள எடுக்கப் போறன்?"

ஈடு

நெடுங்கேணிக்கு அங்கால, காட்டோரத்தில பரமேஸ்வரி அக்காவின்ர வளவு. புருசன் இல்லை. மகள் வவுனியாவில நிண்டு படிக்கிறாள். பால் ஊத்தித்தான் சீவியம். மாடு எண்டு அவாவிட்ட நிண்டது ராசாத்தி ஒண்டுதான். தொடையில 'ப' எண்டு குறி சுட்ட மயிலைப் பசு. அதுக்கும் வயசு போட்டுது, பால் வத்திக்கொண்டு வருகுது. ராசாத்திக்குப் பிறகு பால் தரவேண்டியது அதின்ர நாகு, அதுதான் இன்னும் ஒரு கண்டுக்குட்டியும் போடாத இளம் பசு. அந்த நாகு மேயப் போன இடத்தில காணாமல் போட்டுது. "அது வரேல்லை எண்டால் பிள்ளையின்ர படிப்பை மறிக்கிறதைவிட எனக்கு வேற வழி இல்லை" எண்டு சொல்லி அழுதா.

ராசாத்தியின்ர வால்மயிரைப் பிடுங்கி ஒரு உறைக்குள்ள போட்டு, மேல மாட்டின்ர பேரையும் அக்காவின்ர பேரையும் எழுதினன். பேர் எழுதி மயிரைக் கொண்டுபோறது எங்கட ஊரில என்னத்துக்கு எண்டு உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அவாவின்ர அழுகை உடன நிண்டிட்டுது. அடையாள அட்டையைக் காட்டினன். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "உங்கட தலைமயிர் ஒண்டு தந்திட்டுப் போங்கோ" எண்டு சொன்னா. பகிடி எண்டு சிரிச்சன். அவா சிரிக்கேல்ல, படலையைச் சாத்திப்போட்டு முன்னால நிண்டா. தவம் அண்ணை ஜீப்புக்குள்ள ஏறி இருந்திட்டார், மனிசன்! வேற வழி இல்லாமல் ஒரு மயிரைப் பிடுங்கிக் குடுத்தன். வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்து, சீலைத் துண்டில முடிஞ்சு, அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினா.

"வேரோட இருக்கோ எண்டு பாத்தனான், மிஸ். என்ர மாட்டுக்கு ஏதும் நடந்தால், எனக்கும் தெரிஞ்ச பூசாரி இருக்கிறார்."

புதுக் குறி

கொஞ்ச நாளால பரமேஸ்வரி அக்காவின்ர ஃபோன். ராசாத்திக்கு ஏதோ நடந்திட்டுது, இனி எனக்குச் சூனியம்தான் எண்டு நினைச்சன். விசயம் வேற. காணாமல் போன நாகைக் கண்டுபிடிச்சிட்டா. குளத்துக்கு அந்தப் பக்கம் நடராசா அண்ணையின்ர பட்டியில நிக்குதாம், தொடையில 'ந' எண்டு புதுசாய்க் குறி சுட்டபடி.

அக்கா அந்த நாகுக்குக் குறி சுடேல்ல. கண்டு கத்துறதைக் கேக்க மனம் இல்லாமல் தள்ளித் தள்ளி விட்டிட்டா. குறி இல்லாத மாடு காட்டுக்குள்ள திரிஞ்சால், பிடிச்சுச் சுட்டவருக்குத்தான் அது சொந்தம், எங்கட பக்கத்து நடைமுறை அதுதான். நடராசா அண்ணை சொல்லுறார், தன்ர பட்டியில ஏதோ ஒரு பசு காட்டுக்குள்ள போட்ட கண்டாம், வளந்து தானாய் வந்து சேந்ததாம், எல்லா வருசமும் நடக்கிறதுதானாம். பொலிசுக்குப் போனால் அவையும் குறியைத்தான் பாப்பினம். நாகின்ர நெத்தியில இருக்கிற வெள்ளையைக் காட்டி என்னுடையது எண்டால் ஆர் கேப்பினம்?

"அண்டைக்கு உங்களுக்குச் சும்மா மயிர் தரேல்ல, மிஸ். வந்து இது ராசாத்தியின்ர கண்டு எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

பெரியவர்

எங்கட நிலையத்துக்குப் பொறுப்பான பெரியவரிட்டப் போய்க் கேட்டன். அவருக்கு முகம் கறுத்துப் போச்சு. ஆராய்ச்சிக்கு எண்டு சொல்லித்தானே மயிர் வாங்கினனாங்கள், ஒருத்தரின்ர மாட்டில கண்டதை இன்னொருத்தருக்குச் சொல்லமாட்டம் எண்டு படலைக்குப் படலை வாக்குக் குடுத்தனாங்கள்தானே, அதை மீறினால் இனி எந்த வளவுக்குள்ள கால் வைக்கலாம் எண்டு கேட்டார். அவர் சொன்னதில பிழை இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். ஆனால் அந்தப் பிள்ளையின்ர படிப்பு என்ர மண்டைக்குள்ள நிண்டு குடைஞ்சுகொண்டே இருந்தது. ரெண்டு பகுதியும் தாங்களாய்ச் சம்மதிச்சால் செய்யலாமோ எண்டு கேட்டன். அரை மனதோட தலையாட்டினார்.

"நாங்கள் மாட்டைப் படிக்கிறம், பிள்ளை. மாட்டுக்காரரைப் படிக்க வெளிக்கிட்டால் ஒருத்தரும் பென்சன் எடுக்கிற வரைக்கும் இருக்கமாட்டம்."

கிழவி

நடராசா அண்ணை கத்துவார், பொல்லுத் தூக்குவார் எண்டு நினைச்சுக்கொண்டு போனன். அவர் கதிரை போட்டு இருத்தி, "தாராளமாய்ச் சோதியுங்கோ" எண்டார். எனக்கு உடன சந்தேகம் வந்திட்டுது. சாப்பிட்ட வாயைத் துடைக்கிற மாதிரி இவ்வளவு லேசாய் ஒருத்தரும் சம்மதிக்கிறேல்லையே!

பிறகு என்னைப் பட்டிக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போனார். அங்க பல்லுத் தேய்ஞ்ச ஒரு கிழட்டுப் பசு தனியக் கட்டியிருந்தது. அதுக்குப் பேரே கிழவி. புண்ணாக்கை ஊறவைச்சுக் கையால ஊட்டுறார். சண்டை நெருங்கி வந்து ஊரை விட்டு வெளிக்கிடேக்க முழு மாட்டையும் கயிறு அறுத்து விட்டிட்டுப் போனவராம். திரும்பி வந்து காடு காடாய்த் தேடி, பழைய குறியைப் பாத்து அடையாளம் கண்டது இந்த ஒண்டை மட்டும்தானாம். "அவிட்டு விடேக்க இது நிறைசினை. கண்டு காட்டுக்குள்ளயே செத்திருக்கும்" எண்டு சொல்லிக்கொண்டு அதின்ர வாயில இன்னொரு பிடி புண்ணாக்கு வைச்சார். நாகின்ர முகம் கிழவியை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கெண்டும், அது கிழவியின்ர வழியில வந்ததுதான் எண்டும் சத்தியம் பண்ணினார். என்ர சந்தேகத்தை நினைச்சு எனக்கே வெக்கமாய்ப் போச்சு.

"கிழவியிலயும் மயிர் எடுங்கோ. என்ன வந்தாலும் ரெண்டு பேருக்கும் முன்னால சொல்லுங்கோ. ஒருத்தரைத் தனியக் கூப்பிட்டுக் குசுகுசுக்கிற வேலை வேண்டாம்."

உறை

கண்டு எண்டால் தாயிட்ட இருந்து பாதி வாங்கியிருக்கவேணும். நாங்கள் பாக்கிற ஒவ்வொரு இடத்திலயும் அந்தப் பாதி பொருந்தவேணும், ஓரிடம் பொருந்தாட்டிலும் யோசிக்கவேணும். நாகுக்கு ராசாத்தி எல்லா இடத்திலயும் பொருந்தினது. பரமேஸ்வரி அக்கா சொன்னது சரி, நாகு ராசாத்தியின்ர கண்டுதான். அப்பாடா எண்டு கணினியை மூடப் போனனான், மூடியிருக்கலாம். கிழவியின்ர முடிவும் பக்கத்தில கிடந்தது. சும்மா ராசாத்தியோட வைச்சுப் பாத்தன். அதுவும் எல்லா இடத்திலயும் பொருந்தினது. ராசாத்தி கிழவியின்ர கண்டு!

நான் நம்பேல்ல. இப்பிடி ஒரு முடிவு வந்தால் நல்ல ஆராய்ச்சியாளர் முதல்ல சந்தேகப்படுறது உறையைத்தான். ஆரோ உறையை மாத்திப் போட்டினம். உறையை ஒட்டினது நான், ஜீப்பில அடுக்கினது தவம் அண்ணை. நான் என்னைச் சந்தேகப்படாமல் அவரைக் கூப்பிட்டுக் கேட்டன். அவர் ஜீப் திறப்பை என்ர மேசையில போட்டார்.

"மாட்டில சந்தேகம், மனிசரில சந்தேகம், இப்ப என்ர கையிலயும் சந்தேகமோ? மிஸ் எப்பிடி வீட்டில சோறு சாப்பிடுறியள்?"

ரெண்டாந்தரம்

திரும்பப் போய் மூண்டு மாட்டிலயும் புதுசாய் மயிர் எடுத்தன். இந்த முறை உறையை என்ர மடியில வைச்சுக்கொண்டு வந்தன். ஒருதரம் மயிர் எடுக்கப் போனாலே கள்ளரைப் பாக்கிற மாதிரிப் பாப்பினம், ரெண்டாந்தரம் எண்டால் சொல்ல வேணுமோ? பரமேஸ்வரி அக்கா மாட்டைப் பிடிச்சுத் தந்தா, ஆனால் என்ர கையை விட்டுக் கண்ணை எடுக்கேல்ல. முடிவு வந்திட்டுதோ எண்டு கேட்டா. இன்னும் இல்லை எண்டு மழுப்பினன். திரும்பவும் அதே முடிவுதான் வந்தது, ஒரு எழுத்து மாறேல்ல.

"முதல் கொண்டுபோன மயிர் எங்க, மிஸ்? நடராசா அண்ணைக்கு வித்துப்போட்டியளோ?"

பட்டியடியில

ரெண்டு பேரையும் நடராசா அண்ணையின்ர பட்டியடிக்கு வரச் சொன்னன். நாகு முன்னால கட்டி நிண்டது. முதல்ல லேசானதைச் சொன்னன், நாகின்ர தாய் ராசாத்தி எண்டு. பரமேஸ்வரி அக்கா அந்த நிமிசமே கயிற்றை அவிட்டுக் கையில சுத்திப்போட்டா. அதோட நிப்பாட்டியிருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் நடராசா அண்ணை, "அப்ப கிழவி?" எண்டு கேட்டார். ரெண்டு பேருக்கும் முன்னால சொல்லுறன் எண்டு வாக்குக் குடுத்தனான். ராசாத்தியின்ர தாய் கிழவி எண்டு சொன்னன்.

"ராசாத்தி என்ர மாடு!" எண்டு அக்கா வெடிச்சா. "நாங்கள் திரும்பி வரேக்க காட்டுக்குள்ள தனியத் திரிஞ்ச கண்டு அது. குறி இல்லை. ஒருத்தரும் தேடி வரேல்ல. நான்தான் பிடிச்சு, நான்தான் அதுக்குக் குறி..." அதோட நிண்டிட்டா. அந்த ஒண்டுக்குத்தான் குறி சுட்டவா. அதே நியாயத்தைத்தான் நடராசா அண்ணையும் நாகைப் பற்றிச் சொன்னவர். அக்காவின்ர கை மட்டும் கயிற்றை விடேல்ல. தாயும் கண்டும் ரெண்டும் என்னுடையது எண்டு அந்தாள் கேட்டால், அவாவின்ர வளவில இனி ஒரு மாடும் இல்லை. அந்த வேலையைச் செய்தது நான்.

நடராசா அண்ணை கிழவியிட்டப் போய் அதின்ர கழுத்தைத் தடவினார். "அப்ப கண்டு சாகேல்ல... சாகேல்ல" எண்டு அதுக்குச் சொன்னார். பிறகு நிமிந்து தன்ர பட்டியைப் பாத்தார். நானும் பாத்தன். எல்லாத்திலயும் 'ந' குறி. கிழவி ஒண்டைத்தான் பழைய குறியோட பிடிச்சவர். மற்றதெல்லாம் எங்கால வந்தது எண்டு நான் கேக்கேல்ல. கேக்காமலே அவர் பதில் சொன்னார்.

"நாகைக் கொண்டு போங்கோ, தங்கச்சி. உந்தப் பிள்ளை என்ர பட்டி முழுக்கச் சோதிக்க வெளிக்கிட்டால், எனக்கெண்டு மிஞ்சிறது கிழவி ஒண்டுதான்."

அலுமாரி

அந்தக் கதை எங்களுக்கு முன்னால வன்னி முழுக்க ஓடினது. அதுக்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே மாடுகளைக் காட்டுக்குள்ள கலைக்கத் தொடங்கிட்டினம். அவையில பிழை சொல்ல எனக்கு வாய் வரேல்ல. எல்லாத்தையும் விட்டிட்டுப் போய், ஒண்டும் இல்லாமல் திரும்பி வந்த சனம். காட்டுக்குள்ள நிண்ட கட்டாக்காலி மாட்டைப் பிடிச்சுக் கட்டித்தான் எல்லாரும் திரும்பச் சீவிக்கத் தொடங்கினவை. ஒருத்தரின்ர மாடு இன்னொருத்தரின்ர வளவில நிக்கிறது எல்லாருக்கும் தெரியும். தெரியும் எண்டதை ஆரும் வாய் விட்டுச் சொல்லுறேல்ல, நான்தான் உறையும் கையுமாய்ச் சொல்ல வெளிக்கிட்டனான்.

போன தடவை பரமேஸ்வரி அக்காவிட்டப் போனன். நாகு கண்டு போட்டிட்டுது, பால் தேத்தண்ணி தந்தா, மகள் படிப்பை விடேல்ல. நாகின்ர தொடையில 'ந' அப்பிடியே இருக்கு, அழிக்கேல்ல. புதுக் கண்டுக்கு மட்டும் 'ப' போட்டாச்சு, கண்ணை மூடிக்கொண்டு பிடிச்சவாவாம். நடராசா அண்ணை இடைக்கிடை வந்து ராசாத்தியைப் பாத்திட்டுப் போறவராம். அவர் நிக்கிற நேரம் முழுக்க அக்கா ராசாத்தியின்ர கயிற்றைக் கையில பிடிச்சிருப்பாவாம். வெளிக்கிடேக்க மெல்லமாய், என்ர தலைமயிரைத் திருப்பித் தாங்கோ எண்டு கேட்டன். அவா அலுமாரித் திறப்பை இடுப்பில செருகிக்கொண்டு சிரிச்சா.

"அது அங்கயே கிடக்கட்டும், மிஸ். உந்தக் கதையை நீங்கள் வன்னிக்கு வெளியில ஆருக்கும் சொல்லாத வரைக்கும் உங்களுக்கு ஒரு குறையும் வராது."

விஞ்ஞானம் படிச்ச எனக்குச் சூனியத்தில துளி நம்பிக்கை இல்லை எண்டாலும், இதில வாற மனிசர், மாடு, குறி, அலுமாரி எல்லாத்தின்ர பேரையும் மாத்தித்தான் எழுதியிருக்கிறன் எண்டதைப் பரமேஸ்வரி அக்காவுக்கு ஆராவது சொல்லிவிடுங்கோ.